மாடி ஹாலில் நாலு பேர்

எங்கள் வீட்டுக்கு அந்த கேம் பெட்டி வந்ததற்குக் காரணம் அருவியில் வந்த வெள்ளம். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் எங்கள் வீடு. கீழே நான், என் வீட்டுக்காரர், எங்கள் ஒரே மகள். மாடியில் இரண்டு அறையும் ஒரு பெரிய ஹாலும். ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் மாடியை சீசனுக்கு வருகிற குடும்பங்களுக்கு விடுவோம். மற்ற மாதங்களில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். வருகிறவர்களுக்கு அருவியில் தண்ணீர் இல்லையென்றாலும் கோபம், அளவுக்கு மீறிக் கொட்டி போலீஸ் தடை போட்டாலும் கோபம். பெரியவர்களாவது சிப்ஸைக் கொறித்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். பிள்ளைகள் மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி, தலையணையைக் கிழித்து, பாத்ரூம் குழாயை உடைத்து, என் உயிரை வாங்கிவிடும்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பிரச்சினை என்றாலும் ஒரு சாமான் வாங்கிப் போட்டால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர். ஒரு சீசனில் வெள்ளத்தால் குளிக்கத் தடை நீண்டு, பிள்ளைகளின் அட்டகாசம் தாங்காமல் போனபோது, தன் பழைய கூட்டாளி ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த கேம் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து மாடி ஹாலில் டிவியோடு இணைத்தார். கையில் எதையும் பிடித்து அமுக்குகிற விளையாட்டு இல்லை அது. டிவிக்குக் கீழே ஒரு கேமரா இருக்கும். அதற்கு முன்னால் போய் நின்றால் நம் கை கால் அசைவைப் பார்த்துக்கொள்ளும். பாட்டு ஓடும், திரையில் ஓர் உருவம் ஆடும், நாமும் அதே மாதிரி ஆட வேண்டும். சரியாக ஆடினால் 'பெர்ஃபெக்ட்' என்று வரும், தப்பினால் சிவப்பாகப் பெருக்கல் குறி விழும். ஒரே நேரத்தில் நாலு பேர் வரை ஆடலாம்.

சீசன் பிள்ளைகள் முதல் நாள் சாயங்காலம் அதன் முன்னால் போட்ட ஆட்டத்தில் மேல்தளம் இடிந்து கீழே விழுந்துவிடும் என்று பயந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் ஆளுக்கொரு மூலையில் போனைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். அடுத்து வந்த குடும்பத்திலும் அதே கதை. எல்லாம் ஒரு நாள் கூத்து. "நல்ல சாமான் வாங்கினிய போங்க" என்று வீட்டுக்காரரை நான் குத்திக்காட்டாத நாள் இல்லை.

அந்த சீசன் முடிந்து, மாடியைக் கழுவிப் பூட்டின பிறகுதான் எங்களுக்கு அந்த அடி விழுந்தது.

மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவள் கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் படிந்திருந்தது. அழுக்கு என்று நினைத்து வாரா வாரம் கடலை மாவு போட்டுத் தேய்ப்பேன். "ஒழுங்காக் குளிச்சாத்தானே போகும்" என்று திட்டிக்கொண்டே தேய்ப்பேன். அவளும் கழுத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காய்ச்சல் என்று தென்காசியில் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனபோது, அவர்கள் காய்ச்சலை விட்டுவிட்டு அவள் கழுத்தையே பார்த்தார்கள்.

"இது அழுக்கு இல்லம்மா. சுகர் வரப் போகுதுன்னாலும் கழுத்து இப்படிக் கறுக்கும். தேய்க்காதீங்க. ரத்தம் எடுத்துப் பாத்திருவோம்."

ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. என் வீட்டுக்காரர் பக்கத்திலும் சரி, என் பக்கத்திலும் சரி, சர்க்கரை இல்லாத குடும்பம் கிடையாது. ஆனால் அது ஐம்பது வயதுக்கு மேல் வருகிற விருந்தாளி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பதினாலு வயசுப் பிள்ளையைத் தேடிக்கொண்டு வரும் என்று யார் கண்டது?

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்கள். "இப்பம் மாத்திரை வேண்டாம். இனிப்பையும் மைதாவையும் கொறைங்க. அதைவிட முக்கியம், பிள்ளை தினமும் நல்லா வேர்க்கிற மாதிரி ஓடணும், ஆடணும். ஒரு மாசம் செஞ்சிட்டு விடுற காரியமில்ல இது. வருஷக்கணக்கா விடாமச் செஞ்சா சுகர் இவகிட்ட வராம தள்ளி நிக்கும். விட்டா வந்து ஒட்டிக்கிடும்."

ஸ்கூட்டரில் திரும்பி வரும்போதே நான் மகளிடம் சொல்லிவிட்டேன். "ஏட்டி, இந்த விசயம் நம்ம வாசப்படியத் தாண்டக் கூடாது, கேட்டியா? ஸ்கூல்ல யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது." எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு ஒரு நோய் என்றால் முதலில் மருந்து தேட மாட்டோம், வாயை மூடுவோம். நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கிறபோது எவளாவது ஒருத்தி, "அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயசிலயே சுகர் உண்டுல்லா" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு மாப்பிள்ளைக் கவலையா என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் அந்தக் கவலைக்கு வயது வரம்பு கிடையாது. மகள் பின்சீட்டில் "ம்" என்றாள். அவ்வளவுதான்.

அப்புறம் ஓடுவதற்கு இடம் தேடினோம். காலையில் ரோட்டோரம் அப்பாவும் மகளும் ஓடினார்கள். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் என்னிடம் வந்து, "பிள்ளை என்னத்துக்கு ஓடுதா? போலீசு செலக்சனா?" என்றாள். மறுநாள் பால்காரர் கேட்டார். அதற்கடுத்த நாள் பூக்காரி. பையன் ஓடினால் அது ஓட்டம், பெண்பிள்ளை ஓடினால் அது கேள்வி. மகள் ஒரு வாரத்துக்குள் நிறுத்திவிட்டாள். மொட்டை மாடியில் கயிறு தாண்டினாள், அதுவும் நாலு நாள். சைக்கிள் மிதித்தாள், டயரில் காற்றுப் போனதும் அப்படியே சாத்திவிட்டாள். கடைசியாகத்தான் மாடியில் தூசி படிந்து கிடந்த பெட்டியின் ஞாபகம் வந்தது. தனியாக நின்று ஆடினாள். ஒரு வாரம் ஆடியிருப்பாள். பிறகு, "போரடிக்குதும்மா" என்று கட்டிலில் போய் விழுந்தாள். சீசன் பிள்ளைகளைவிட ஆறு நாள் கூடுதல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்த நிலையில் ஒரு சாயங்காலம் நல்ல மழை. எங்கள் தெருவில்தான் டியூஷன். டியூஷன் முடிந்த மூன்று பிள்ளைகள் மழைக்கு எங்கள் வீட்டில் ஒதுங்கினார்கள். மூன்று பேரும் என் மகள் வகுப்பு. ஒருத்தி போலீஸ்காரர் மகள், வாய் ஓயாமல் பேசுவாள். இன்னொருத்தி குற்றாலத்தில் பேக்கரி வைத்திருக்கிற கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொயர் என்கிற பாட்டுக் குழுவில் பாடுகிறவள். மூன்றாவது பிள்ளைக்கு ஊர் இலத்தூர். விவசாயக் குடும்பம், பஸ் ஏறித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. என் மகள் அவர்களை மாடிக்குக் கூட்டிப்போனாள்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஒரே சிரிப்பு. என்னவென்று போய்ப் பார்த்தேன். ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் துணி காயாது. ஹாலுக்குள்ளேயே கொடி கட்டி, ஃபேனைப் போட்டுத் துணியைத் தொங்கவிட்டிருந்தேன். அந்தக் கேமரா என் வீட்டுக்காரரின் ஈரச் சட்டையை ஓர் ஆள் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. ஃபேன் காற்றில் சட்டையின் கை இப்படியும் அப்படியும் ஆட, அதற்கு 'பெர்ஃபெக்ட்' விழுந்துகொண்டிருந்தது. போலீஸ்காரர் மகளுக்கு அந்தச் சட்டையைவிட மார்க் குறைவு. அவள் தரையில் உட்கார்ந்து, "ஆன்ட்டி, ஒங்க வீட்டுச் சட்டை சீட்டிங் பண்ணுது ஆன்ட்டி" என்று கத்தினாள். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

மறுநாள் மழை இல்லை. ஆனாலும் மூன்று பேரும் வந்தார்கள். சட்டையைத் தோற்கடிக்க வேண்டுமாம். சட்டை காய்ந்து பீரோவுக்குள் போய்விட்டது என்றேன். அதனாலென்ன என்று ஆடினார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். அன்றிலிருந்து டியூஷன் விட்டதும் மாடி ஹாலில் நாலு பேர் என்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

எனக்கு எதையும் சீக்கிரத்தில் நம்புகிற குணம் கிடையாது. இது எத்தனை நாளைக்கு என்று காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து பார்ப்பேன். பார்க்கப் பார்க்க ஆச்சரியம்தான் கூடியது. சீசன் பிள்ளைகள் அந்தப் பெட்டி கொடுத்ததை மட்டும் ஆடினார்கள். அது தீர்ந்ததும் ஓய்ந்தார்கள். இவர்களுக்கும் அந்தப் பாட்டெல்லாம் ஒரு மாதத்தில் அலுத்துப்போனது. ஆனால் அலுத்த பிறகுதான் இவர்கள் ஆட்டம் தொடங்கியது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். வலது கையை இடது கையாக மாற்றி ஆடுவார்கள். கணக்கு வாத்தியார் இந்தப் பாட்டுக்கு ஆடினால் எப்படி ஆடுவார் என்று ஒருத்தி ஆடிக் காட்டுவாள், மற்றவர்கள் உருளுவார்கள். பெட்டி போடுகிற மார்க்கை அவர்கள் மதிப்பதே இல்லை. தங்களுக்குள் ஒரு மார்க் வைத்திருந்தார்கள். நன்றாக ஆடியவளுக்குப் பரிசு கிடையாது. யாருக்கு மார்க் குறைந்ததோ அவள்தான் அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுப்பாள். எந்த மகராசி இந்தச் சட்டத்தைப் போட்டாளோ தெரியாது. தோற்றவள் அதிகாரியாகிவிடுவதால் தோற்றதற்காக ஒருத்தியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. என் மகள்தான் முதலில் அடிக்கடி தோற்பாள். சீக்கிரம் மூச்சு வாங்கும், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்தபடியே, "அடுத்து அந்த ஸ்லோ பாட்டு போடுட்டி" என்று உத்தரவு போடுவாள். அவளுக்கு மூச்சு திரும்புகிற வரைக்கும் ஸ்லோ பாட்டு ஓடும். இதையெல்லாம் எந்தப் பெரியவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அந்த வயதில் எனக்கு இப்படி ஒரு ஹாலும் மூன்று சிநேகிதிகளும் இருந்ததில்லை.

இந்த நல்ல காரியத்தில் கை வைக்காமல் இருக்க என் வீட்டுக்காரரால் முடியவில்லை. ராணுவத்தில் இருந்தவர்களுக்கு, நாலு பேர் ஒரே இடத்தில் சேர்ந்து கை காலை ஆட்டினால் போதும், அவர்களை வரிசையில் நிறுத்தாவிட்டால் தூக்கம் வராது. பிள்ளைக்கு நல்லதுதானே, இதை முறைப்படி செய்தால் இன்னும் நல்லதுதானே என்பது அவர் எண்ணம். ஒரு நாள் சாயங்காலம் கழுத்தில் விசிலோடு மாடி ஏறினார்.

"இனிமே முதல்ல வார்ம் அப். அப்புறம் பாட்டு. நடுவுல உக்காரக் கூடாது. லேட்டா வந்தவ மாடிப்படி ஏறி இறங்கணும். மாசக் கடைசியில ஃபர்ஸ்ட் வந்தவளுக்குக் கப்பு."

கப்பை வாங்கியே வந்துவிட்டார். தங்க நிறத்தில் பிளாஸ்டிக் கப். பிள்ளைகள் மரியாதையானவர்கள், எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. விசில் ஊதினார், ஆடினார்கள். பாட்டின் நடுவே கணக்கு வாத்தியார் வந்தால் விசில். ஒருத்தி உட்கார்ந்தால் விசில். அடுத்த நாள் போலீஸ்காரர் மகளுக்கு வயிற்றுவலி. அதற்கடுத்த நாள் இலத்தூர்ப் பிள்ளைக்குச் சீக்கிரம் வரும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. பேக்கரிப் பிள்ளைக்குக் கொயர் பயிற்சி தினசரி ஆனது. கடைசியில் ஹாலில் என் வீட்டுக்காரரும், என் மகளும், கப்பும்தான் மிச்சம். பிறகு என் மகளும் இறங்கி வந்துவிட்டாள். பழையபடி கட்டில், பழையபடி போன்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "இவளுவள என்ன காஷ்மீருக்கா அனுப்பப் போறிய? பட்டாளத்துல ஒங்களுக்கு விசில் ஊதினவன எத்தனை நாளு வஞ்சிருப்பிய? அத மறந்துட்டியளா?" என்று கத்திவிட்டேன். பிள்ளை கழுத்தில் அந்தக் கறுப்பு அப்போதுதான் லேசாக வெளுத்துக்கொண்டிருந்தது. அது திரும்பவும் ஏறிவிடுமோ என்ற பயத்தில்தான் அப்படிக் கத்தினேன்.

மனிதர் ரோஷக்காரர், சாப்பிடாமல் படுத்துவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. மறுநாள் மகளிடம் போய், "அவளுவள வரச் சொல்லு. இன்னைக்கு நான் ஆடுதேன், நீங்க மார்க் போடுங்க. விசிலையும் நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார்.

இந்தச் செய்தி கேட்டு வராமல் இருப்பார்களா? மூன்று பேரும் பறந்து வந்தார்கள். போலீஸ்காரர் மகள் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேமரா முன்னால் நின்றார். திரையில் ஓர் உருவம் பூப்பறிப்பது போலக் கையை வளைத்தது. இவர் கை வளைந்தால்தானே? முழங்கையிலிருந்து விறைப்பாக நெற்றிக்குப் போனது. "மாமா, சல்யூட் இல்ல மாமா, பூப் பறிங்க, பூப் பறிங்க!" என்று இலத்தூர்ப் பிள்ளை அலறினாள். விசில் நிற்கவே இல்லை. திரை முழுக்கச் சிவப்புப் பெருக்கல் குறி. மீசைக்காரர், காரணமில்லாமல் யாருக்கும் தலை குனியாதவர், நாலு சிறுபெண்களிடம் பாட்டுக்குப் பாட்டு தோற்று, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த பாட்டு நான்தானே சொல்லணும்?" என்று சட்டம் பேசினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்த நாள் வேறு இல்லை. கொஞ்ச நாள் அவர்களோடு ஆடிவிட்டு, முட்டி வலிக்கிறது என்று அவராகவே விலகிக்கொண்டார். முட்டியெல்லாம் வலிக்கவில்லை. அது அந்தப் பிள்ளைகளின் இடம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மறுபடி ஹாலில் நாலு பேர்.

ஆனி வந்தது. சீசன். மாடியை விட்டாக வேண்டும், அதுதான் எங்கள் பிழைப்பு. குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். ஹாலும் டிவியும் பெட்டியும் அவர்கள் கைக்குப் போய்விட்டன. இரண்டு மாதம் நின்றுபோனால் பிறகு சேராது என்று எனக்குத் தெரியும். சைக்கிளையும் கயிற்றையும் பார்த்தவள்தானே நான். மகளைக் காலையில் நடக்கக் கூட்டிப்போகலாமா, நடந்தால் என்ன பொய் சொல்லலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் கொல்லைப்புறத்தில் சத்தம். அங்கே தகரக் கொட்டகை ஒன்று உண்டு, சீசன் நேரத்தில் மெத்தை தலையணையெல்லாம் போட்டு வைப்போம். எட்டிப் பார்த்தேன். மெத்தைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு மூன்று பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே பேக்கரிப் பிள்ளை நின்று ஆடிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி செய்யுதிய?" என்றேன்.

"அவதாம்மா டிவி" என்றாள் என் மகள், ஆட்டத்தை நிறுத்தாமல்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. நின்று பார்த்தேன். பெட்டி இல்லை, கேமரா இல்லை, திரை இல்லை. ஒருத்தி டிவியாக முன்னால் நிற்கிறாள். அவள் ஆடுவதைப் பார்த்து மற்ற மூன்று பேரும் ஆட வேண்டும். தகரத்தில் சாரல் விழுகிற சத்தத்தில் போனில் பாட்டுப் போட்டால் கேட்காது. அதனால் டிவியே பாடவும் வேண்டும். பாடிக்கொண்டே, ஆடிக்கொண்டே, ஒவ்வொருத்தியையும் கை காட்டி, "பெர்ஃபெக்ட்! நீ குட்! நீ பெருக்கல், பெருக்கல்!" என்று மார்க்கும் போடுகிறாள். இரைக்க இரைக்க ஒரு பாட்டு முடிந்ததும் டிவி மாறியது. டிவியாக நிற்பதற்குத்தான் அவர்களுக்குள் அடிதடி. இலத்தூர்ப் பிள்ளை டிவியாகும்போது, நடுவில் கரண்ட் போய்விட்டது என்று அப்படியே உறைந்து நிற்பாள். மற்றவர்களும் ஒற்றைக்காலில் தூக்கின காலோடு உறைய வேண்டும். மாடியில் இருந்ததைவிட இங்கே அதிகமாக வேர்த்துக் கொட்டியது. சாரல் காற்றில் நான் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நிற்கிறேன், அவர்கள் நாலு பேர் முகத்திலும் வேர்வை. பெட்டி கையை விட்டுப் போனாலும் ஆட்டம் மட்டும் போகவில்லை. அறிவாளிப் பிள்ளைகள் என்று மனம் விட்டுச் சொல்லத் தோன்றியது.

அந்த வாரம் மாடியில் கேரளாக் குடும்பம். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. அவர்கள் வீட்டுப் பெண்பிள்ளை, பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும், பெட்டி இருக்கிற ஹாலை விட்டுவிட்டுப் பின்பக்க ஜன்னலில் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக இறங்கி வந்து கொட்டகை வாசலில் நின்றாள்.

"ஞானும் வரட்டே, சேச்சி?"

"வா வா, நீதான் டிவி" என்று போலீஸ்காரர் மகள் அவளைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டாள். மறுநாள் அந்தப் பிள்ளையின் அம்மா என்னிடம், இது என்ன கேம், எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தார். கடையில் கிடைக்காது என்று மட்டும் சொன்னேன்.

சீசன் முடிந்து ரத்தம் பார்த்தோம். டாக்டரம்மா முகத்தில் நல்ல சிரிப்பு. "எறங்கியிருக்கு. இப்படியே விடாமப் போகணும்" என்றார்கள். மாடி ஹால் மறுபடி திறந்தது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது போலீஸ்காரருக்கு ராமநாதபுரம் பக்கம் மாற்றல் வந்தது. காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தப் பிள்ளை சொல்லிக்கொள்ள வந்தாள். என் மகள் அப்போது டியூஷனில் இருந்தாள். இவள் வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்து வந்திருக்கிறாள்.

எப்போதும் தெருவிலிருந்தே பேசிக்கொண்டு வருகிறவள் அன்று நேராகச் சமையல்கட்டு வாசலுக்கு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"ஆன்ட்டி, நான் போனதும் அவ ஆடாம உக்காந்துரக் கூடாது. பாத்துக்கிடுங்க. மத்த ரெண்டு பேருகிட்டயும் சொல்லியிருக்கேன். அவளுக்கு சுகர் ஏறிரக் கூடாதுல்லா."

கையில் இருந்த கரண்டியை நான் கீழே வைத்தேன். "ஒனக்கு யாரு சொன்னா?"

"அவதான். மொத வாரமே சொல்லிட்டா. எங்க மூணு பேருக்கும் தெரியும் ஆன்ட்டி. வேற யாருக்கும் தெரியாது. எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. சத்தியம்."

நான் காதும் காதும் வைத்தாற்போல மூடி வைத்திருந்த விசயம், எதிர்வீட்டுக்காரியிடம் புதுசு புதுசாகப் பொய் சொல்லிக் காப்பாற்றின விசயம், இந்த மூன்று பிள்ளைகளிடம் ஒரு வருஷமாக இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை வெளியே கசியவில்லை. அப்போதுதான் ஒவ்வொன்றாக எனக்கு உறைத்தது. பேக்கரி வீட்டுப் பிள்ளை ஒரு நாளாவது ஒரு பன், ஒரு பிஸ்கட் கொண்டுவந்ததில்லை. இலத்தூர்ப் பிள்ளை எங்கள் வீட்டில் நின்றுவிட்டு, நேரம் கழித்துப் போய், அவள் வீட்டில் வசவு வாங்கியிருக்கிறாள். எதற்காக என்று அவளும் வாய் திறந்ததில்லை. அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். பெரியவர்கள் என்று சொல்லிக்கொள்ளவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

மகள் வந்ததும் கேட்டேன். கோபமில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. "ஏட்டி, யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னேம்லா. ஏன் சொன்ன?"

அவள் ரிப்பனை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "சொல்லாம எப்படிம்மா சேந்து ஆட முடியும்? நான் பாதியில மூச்சு வாங்கி உக்காந்தா ஏன்னு கேக்க மாட்டாளுவளா?" அவிழ்த்த ரிப்பனைச் சுருட்டிக்கொண்டே, "நீயும் அப்பாவும் தெனமும் சுகர் கொறைஞ்சிருக்கா, கொறைஞ்சிருக்கான்னு கேப்பிய. அவளுவ அத ஒரு நாளும் கேட்டதில்ல. போகும்போது, நாளைக்கும் வருவியான்னுதான் கேப்பாளுவ" என்றாள்.

"நம்ம வீடுதானட்டி இது. ஒன்கிட்ட எதுக்கு வருவியான்னு கேக்காளுவ?"

"மாடிக்கு வருவியான்னு கேப்பாளுவ."



இரண்டு நாள் மாடியில் மூன்று பேர்தான். சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. பெட்டி நாலாவது ஆளுக்கு ஒரு கட்டத்தை ஒதுக்கிவைத்துக் காத்துக்கொண்டிருக்கும், இவர்கள் அந்த இடத்தை ஒதுங்கி ஒதுங்கி ஆடுவார்கள். பாட்டு சீக்கிரமே நின்றுவிடும். மூன்றாம் நாள் வழக்கம்போலக் காப்பித் தம்ளரோடு படியில் உட்கார்ந்திருந்தேன். மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. ஸ்லோ பாட்டுக்கூடக் கேட்கவில்லை.

தம்ளரைப் படியில் வைத்துவிட்டு எழுந்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேமரா முன்னால் போய் நின்றேன். அவள் அப்பா ஆடினதைப் பார்த்து எவ்வளவு சிரித்திருப்பேன், எனக்கு அதுகூட வரவில்லை. வலது என்றால் இடது போகிறது, உட்கார் என்றால் முட்டி மடங்கவில்லை. திரையில் என் பக்கம் முழுக்கச் சிவப்பு. இலத்தூர்ப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள். பேக்கரிப் பிள்ளையால் அடக்க முடியவில்லை. என் மகள் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று, "அம்மா, என்னையப் பாரு, என்னையப் பாத்து ஆடு" என்று கையைப் பிடித்து இழுத்தாள். ஆடினோம். தோற்றேன். தோற்றவள் பாட்டுச் சொல்ல வேண்டும் என்றார்கள், சொன்னேன். அதிலும் தோற்றேன்.

இலத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இரைத்துக்கொண்டிருந்தேன். படியில் நாலு எட்டு இறங்கின இலத்தூர்ப் பிள்ளை திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை, நாளைக்கும் வருவீங்கல்லா?"

இந்த வயதில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சோறு ஆச்சா, துணி காய்ஞ்சிச்சா, ரூம் காலியா என்றுதான் கேட்பார்கள். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வருதேன்" என்றேன்.